ப்ரவுசர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி ரேமைக் கழட்டிப் பாருங்க

"புது ப்ரவுசர் போட்டதுல இருந்து சிஸ்டம் கிராஷ் ஆகுதுப்பா"ன்னு ஒரு போன் வராத மாசமே எனக்குக் கிடையாது. பாம்பன்ல இருந்து வரும், மண்டபத்துல இருந்து வரும், ஏர்வாடியில இருந்து வரும். அவங்க சொல்றதுலயும் தப்பில்ல, நேத்து வரைக்கும் ஓடுன மெஷின், இன்னைக்கு ஒண்ணப் புதுசா போட்டோம், விழுந்துருச்சு, அப்ப புதுசா வந்தவன் மேலதான சந்தேகம் வரும். ஆனா பழைய மெஷின்னு வந்துட்டா பெரும்பாலும் ப்ரவுசர் குத்தவாளி இல்ல, ஏற்கனவே உள்ள கெடந்த கோளாறை வெளிய இழுத்துப் போடுற ஆளு அது. வீட்லயும் கடையிலயும் இருக்குற சாதாரண கம்ப்யூட்டர்ல ரேமையும் (ஓடிட்டு இருக்குற வேலையை மெஷின் தற்காலிகமா வச்சுக்கிற மெமரி) கிராபிக்ஸையும் ப்ரவுசர் அளவுக்குப் போட்டுப் பிழியுற சாப்ட்வேர் வேற என்ன இருக்கு சொல்லுங்க. டேலி, வேர்டு எல்லாம் ஒரு ஓரமா ஒக்காந்து வேலை பாத்துட்டுப் போயிரும். ப்ரவுசர் அப்படியா, டேபுக்கு ஒரு ப்ராசஸ், எக்ஸ்டென்ஷனுக்கு (ப்ரவுசர்ல கூடுதலா மாட்டிக்கிற குட்டி சாப்ட்வேர்) ஒண்ணு, கிராபிக்ஸுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பிரிச்சு இருக்குற ரேம் முழுக்கப் பாய விரிச்சுரும்.

அதனால நான் போன்லயே கேக்குறது ஒரே கேள்விதான். ஒரே இடத்துல விழுதா, கண்ட இடத்துல விழுதா?

வீடியோ ஓட்டுனா மட்டும் விழுது, இல்ல மேப்பைத் திறந்தா மட்டும் விழுது, இல்ல ப்ரவுசரைத் திறந்த உடனே விழுதுன்னா அது சாப்ட்வேர் சங்கதி, டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோட பேச வைக்கிற சாப்ட்வேர்), எக்ஸ்டென்ஷன், ஆன்டிவைரஸ் இந்த மூணுல ஒண்ணு. ஒரு நேரம் மெயில்ல விழுது, ஒரு நேரம் சும்மா வச்சிருந்தாலே விழுது, நேத்து நல்லா ஓடுச்சு இன்னைக்கு ப்ளூ ஸ்கிரீன்னா அது ஹார்டுவேர், அதுவும் நம்ம கரைப் பக்கம்னா நான் முதல்ல கை வைக்கிறது ரேம்லதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம ப்ரவுசரை எடுத்துட்டு மறுபடி போடுறது, மறுபடி எடுக்கிறதுன்னு இருக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா அன்இன்ஸ்டால் பண்ணாலும் உங்க ப்ரொஃபைல் ஃபோல்டர் அப்படியேதான் இருக்கும், நீங்களா டிக் பண்ணி அழிச்சாத்தான் போகும். உள்ள இருந்த எக்ஸ்டென்ஷனும் செட்டிங்ஸும் அதே குப்பையோட திரும்ப வந்து ஒக்காந்துரும்.

பதில் தெரியலைன்னாலும் கவலை இல்ல, விண்டோஸ் எல்லாத்தையும் கணக்குப்புள்ள மாதிரி எழுதி வச்சிருக்கு, யாரும் தொறந்து பாக்குறதுதான் இல்ல. ஸ்டார்ட்ல ஈவன்ட் வியூவர்னு தேடுங்க, விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள அப்ளிகேஷன். சிவப்புல எரர்னு வரிசையா நிக்கும், அதுல ஈவன்ட் ஐடி 1000ன்னு இருக்குறதைக் கிளிக் பண்ணா கீழ ஃபால்டிங் அப்ளிகேஷன், ஃபால்டிங் மாட்யூல், எக்ஸெப்ஷன் கோடுன்னு வரும். அப்ளிகேஷன் ப்ரவுசர் பேராத்தான் இருக்கும், அதைப் பாத்துட்டு "பாத்தியா நான் சொன்னேன்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க, விழுந்தவன் பேரு அது. மாட்யூலைப் பாருங்க, எந்த ஃபைல்ல விழுந்துச்சுன்னு சொல்றது அது. ஐஜி-ன்னு ஆரம்பிச்சா இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர், என்வி-ன்னு ஆரம்பிச்சா என்விடியா, ஏடிஐ-ன்னு ஆரம்பிச்சா ஏஎம்டி. ஆன்டிவைரஸ் கம்பெனியோட டிஎல்எல் (சாப்ட்வேர்கள் எடுத்துப் பயன்படுத்துற துணை ஃபைல்) பேரு அதுல நின்னாலும் விஷயம் புரிஞ்சுரும். எக்ஸெப்ஷன் கோடு 0x-க்கு அப்புறம் சி-ல ஆரம்பிச்சு சைபரா போயி 5-ல முடிஞ்சா தன்னோடது இல்லாத மெமரியைத் தொட்டிருக்குன்னு அர்த்தம், இது எதனால வேணா வரலாம். 1டி-ல முடிஞ்சா மட்டும் கதை வேற, ப்ராசஸருக்குத் தெரியாத உத்தரவை ப்ரவுசர் குடுத்திருக்கு. 2021ல வந்த க்ரோம் 89ல இருந்து எஸ்எஸ்இ3ங்கிற உத்தரவுத் தொகுப்பு இல்லாத ப்ராசஸர்ல அது ஓடாது, அந்த மெஷினை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டாதீங்க. கோர் 2 டுவோ வச்சிருக்கவங்க பயப்பட வேணாம், அதுல எஸ்எஸ்இ3 இருக்கு.

ஒரே இடத்துல விழுற கேஸுக்கு எங்க அக்கா மக லேப்டாப்பே இருக்கு. பழசு, யாரோ வச்சிருந்து கை மாறி வந்தது. புது ப்ரவுசர் போட்டிருக்கா, எல்லாம் ஓடுது, யூட்யூப் திறந்தா மட்டும் ஸ்கிரீன் ஒரு செகண்டு கறுப்பாயி "டிஸ்ப்ளே டிரைவர் ஸ்டாப்டு ரெஸ்பான்டிங்"னு கீழ ஒரு பலூன், அதோட ப்ரவுசர் காலி. "மாமா, ஸ்கிரீன் போயிருச்சா, புதுசு வாங்கணுமா"ன்னு கேட்டா, அவளுக்கு அந்தப் பதில்தான் வேணும்னு எனக்குத் தெரியும். ஸ்கிரீன் எல்லாம் ஒண்ணும் ஆகல. கிராபிக்ஸ் சிப்பு கேட்ட நேரத்துக்குப் பதில் சொல்லலைன்னா விண்டோஸ் 2 செகண்டு பொறுத்துப் பாத்துட்டு டிரைவரைத் தூக்கித் திரும்ப ஸ்டார்ட் பண்ணும், அதான் அந்தக் கறுப்பு. பழைய டிரைவர், புது ப்ரவுசர் கேக்குற வேலையைச் செய்யத் தெரியாம முழிக்குது. ப்ரவுசர் செட்டிங்ஸ்ல சிஸ்டம்னு ஒரு பகுதி இருக்கும், அதுல கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்னு (கொஞ்சம் பழைய வெர்ஷன்ல ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்) ஒரு சுவிட்ச், அதை ஆஃப் பண்ணி ரீலாஞ்ச் குடுத்தா முடிஞ்சது. வீடியோ 1080ல ஓட்டுனா கொஞ்சம் திணறும், 480ல வச்சுப் பாருன்னு சொன்னேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா.

செட்டிங்ஸ் போற வரைக்கும்கூட நிக்கலைன்னா ஷார்ட்கட்டை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல டார்கெட்னு இருக்குற வரி முடிஞ்சதும் ஒரு இடம் விட்டு, ரெண்டு ஹைஃபன், டிசேபிள், ஒரு ஹைஃபன், ஜிபியூன்னு ஆங்கிலத்துல சேர்த்து அடிச்சுத் திறங்க, இது க்ரோம் வகையறாவுக்கு. ஃபயர்பாக்ஸா இருந்தா ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கிட்டே திறந்தா ட்ரபிள்ஷூட் மோடு வேணுமான்னு கேக்கும், அதுல எக்ஸ்டென்ஷன், தீம், ஆக்ஸிலரேஷன் மூணும் ஒண்ணா ஆஃப் ஆயிரும். அதுல நின்னு ஓடுச்சுன்னா இந்த மூணுல ஒண்ணுதான் ஆளு, ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாத்தா மாட்டிரும்.

இனி கண்ட இடத்துல விழுற கேஸ். இதைத்தான் எழுதணும்னு ஒக்காந்தேன்.

கீழக்கரையில நமக்குத் தெரிஞ்ச காக்கா (அங்க முஸ்லிம் மக்கள் அண்ணனைக் கூப்பிடுற முறை) ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார், கடல்ல இருந்து கூப்பிடு தூரம். ஜெராக்ஸ், டிரெயின் டிக்கெட், பாஸ்போர்ட் அப்ளிகேஷன், துபாய்ல இருக்குற புள்ளைங்களுக்கு டாக்குமென்ட் ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புறதுன்னு நாள் முழுக்க அந்த ஒரே டெஸ்க்டாப்தான். விசைப்படகு தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், கடலுக்குப் போகாதவங்க பேங்க் புக்கு ஆதார் ரேஷன் கார்டுன்னு கட்டாத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க, அந்த நேரம் பாத்துத்தான் இது ஆரம்பிச்சிருக்கு. மெஷின் கோர் 2 டுவோ, டிடிஆர்2 ரேம் ரெண்டு ஸ்டிக் சேத்து 2 ஜிபி, யாரோ ஒரு பையன் விண்டோஸ் 10 32 பிட்டும் புது ப்ரவுசரும் ஒரே நாள்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான். நான் போனப்ப ஒரு பெரியவர் போனை நீட்டிக்கிட்டு ஓடிபி நம்பரைச் சொல்லிட்டு இருக்கார், காக்கா பாதி நம்பர் அடிக்கிறதுக்குள்ள டேப் செத்து, ஆவ் ஸ்நாப்னு அழுமூஞ்சி வந்து நிக்குது. பெரியவர் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், கியூ வாசல் வரைக்கும்.

"தம்பி, பழைய ப்ரவுசர்ல ஒரு குறையும் இல்லப்பா, இதைப் போட்டுத்தான் கெடுத்துட்டான்"னார்.

"காக்கா, டவுன்லோட் பண்ண பிடிஎஃப் எதுவும் திறக்காம போயிருக்கா? ஜிப் ஃபைல் விரிக்கும்போது எரர் வந்துச்சா?"

"வந்துச்சு, நான் நெட்டு சரியில்லைன்னு நெனச்சேன்."

"எந்த நேரத்துல ரொம்ப விழுது, காலையிலயா மத்தியானமா?"

"கடையத் தொறந்த ஒடனேதான் பாடாப் படுத்துது, போகப் போக கொஞ்சம் தேவலை."

இந்த ரெண்டு பதிலே எனக்குப் பாதி சொல்லிருச்சு. டவுன்லோட் ஆன ஃபைல் கெட்டுப்போறதுன்னா ப்ரவுசர் விழுறதோட விஷயம் நிக்கலைன்னு அர்த்தம், ரேம் வழியா போற சரக்கே வழியில கெடுது. சூட்டுனால விழுற மெஷினா இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல விழும், ஃபேன்ல தூசி அடைச்சு ப்ராசஸர் பேஸ்ட் காஞ்சு போயிருந்தா அப்படித்தான். காலையில சில்லுன்னு இருக்கும்போது விழுந்து சூடாக ஆகத் தேறுதுன்னா எங்கயோ கான்டாக்ட் சரியில்ல. ஈவன்ட் வியூவரைத் திறந்தா வரிக்கு வரி மாட்யூல் பேரு மாறுது, ஒண்ணுல ப்ரவுசரோடது, அடுத்ததுல விண்டோஸோடது, அதுக்கடுத்து பிரின்டர் சாப்ட்வேர். ப்ளூ ஸ்கிரீனும் ஒரு நேரம் மெமரி மேனேஜ்மென்ட், ஒரு நேரம் பேஜ் ஃபால்ட். இத்தனை பேரும் ஒரே வாரத்துல கெட்டுப்போக மாட்டாங்க.

அந்த மெஷின் ஜன்னலை ஒட்டி இருந்துச்சு, ஜன்னல் தெற்கே பாத்தது. கீழக்கரை தென்கடல் பக்கம், கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்க ஆரம்பிச்சா உப்புத் தூவானம் ரோடு தாண்டி வரும், வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்குல வச்சுப் பாத்தா தெரியும். (வடகடல் பக்கம் தொண்டி, தேவிபட்டினத்துக்காரங்களுக்கு வாடையில இதே கூத்து.) உப்போட குணம் என்னன்னா காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுனா தானா தண்ணியை இழுத்துக் கசிய ஆரம்பிச்சுரும், அதனாலதான் மழைக்காலத்துல உப்பு ஜாடி நசநசன்னு இருக்கு. ராத்திரி மெஷின் ஆஃப்ல குளிர்ந்து கெடக்கும்போது போர்டு மேல ஒட்டியிருக்குற உப்புப் பொடி அப்படிக் கசியும், காலையில ஆன் பண்ணா மெதுவாக் காயும். ரேம் ஸ்டிக்கோட அடியில மினுமினுன்னு தங்க முலாம் பூசுன பல்லு இருக்குல்ல, அந்த முலாம் ரொம்ப மெல்லிசு, அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், அது வழியா உப்பு இறங்கி உள்ள இருக்குற செம்பைத் தின்னும்.

கேபினெட்டைத் திறந்தா உள்ள ஸ்க்ரூ எல்லாம் துரு, ஃபேன்ல ஜெராக்ஸ் பேப்பர் தூசியும் உப்பும் சேந்து பிசுபிசுன்னு ஒரு அப்பு. ரேம் ஸ்டிக் ஒண்ணை உருவி வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சேன். ஓரத்துல இருந்து ஏழெட்டுப் பல்லு வரைக்கும் தங்கக் கலர் மங்கி, ரெண்டு பல்லுக்கு நடுவுல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கு. காக்காகிட்ட காட்டுனேன், "பித்தளைச் சொம்புல புளி வைக்காம விட்டா வரும்ல, அது மாதிரில இருக்கு"ன்னார், அதேதான்.

கழுவுற முறையைக் கேட்டு எழுதுங்கன்னு சில பேர் சொல்லியிருந்தீங்க. பவர் கார்டை உருவிட்டு பவர் பட்டனை ஒருதரம் அமுக்கி மிச்ச கரண்ட்டை வடிய விடணும். இரும்பு கேபினெட்டைத் தொட்டுட்டு அப்புறம் ரேமைத் தொடணும், நைலக்ஸ் சட்டை போட்டுக்கிட்டு வேணாம். பசங்க பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால பல்லு மேல ஒரே திசையில மெதுவா இழுக்கணும். மணல் மாதிரி சொரசொரன்னு இருக்குற பேனா ரப்பரைத் தொடாதீங்க, மிச்சம் இருக்குற முலாமும் வந்துரும். அப்புறம் மொபைல் சர்வீஸ் கடையில ஐபிஏன்னு (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கேட்டா குடுப்பாங்க, அதைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சுக் காயவிட்டு மாட்டணும். ஸ்லாட்டை மறந்துடாதீங்க, நிறைய பேர் ஸ்டிக்கை மட்டும் பளபளன்னு ஆக்கிட்டு அதே அழுக்குப் பொந்துல சொருகுறாங்க. காஞ்ச பழைய டூத் பிரஷ்ல ஸ்லாட்டை நல்லாத் தட்டி விட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கெடைச்சா லேசா அடிச்சு, ஸ்டிக்கை ரெண்டு மூணு தடவை சொருகி உருவணும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே எல்லாம் இங்க வேணாம், அது அடுத்த வருஷத் தூசியைக் கூப்பிட்டு ஒக்கார வைக்கும்.

மாட்டுன உடனே "ஓடுது"ன்னு கிளம்பக் கூடாது. விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக்னு ஒண்ணு இருக்கு, ஸ்டார்ட்ல தேடினா வரும், ரீஸ்டார்ட் ஆகி நீலத் திரையில செக் பண்ணும். எனக்கு அதை விட பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ற மெம்டெஸ்ட்86+ மேல நம்பிக்கை ஜாஸ்தி, இலவசம்தான், ராத்திரி முழுக்க ஓட விட்டுட்டுக் காலையில வந்து பாக்கணும். ஒரு எரர்கூட வரக்கூடாது, ஒண்ணு வந்தாலும் கோளாறுதான், "ஒண்ணே ஒண்ணுதான வந்துச்சு"ன்னு விடக்கூடாது. காக்கா மெஷின்ல ஒரு ஸ்டிக் சுத்தமா தேறிருச்சு. இன்னொண்ணு எந்த ஸ்லாட்ல மாத்திப் போட்டாலும் சிவப்பு சிவப்பா அதே அட்ரஸ்ல எரர், அது உள்ளயே போயிருச்சு. ராம்நாட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில 2 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக் செகண்ட் ஹேண்ட்ல கெடச்சுது, இந்த மாதிரி வாங்கும்போது பழைய ஸ்டிக்கைக் கையோட கொண்டு போங்க, டிடிஆர்2வும் டிடிஆர்3யும் பாக்க ஒண்ணு போல இருக்கும், அடியில இருக்குற வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும், பொருந்தாததை அமுக்கி ஸ்லாட்டை ஒடைச்சவங்களை எனக்குத் தெரியும்.

இதுக்கப்புறம் அதே விண்டோஸ், அதே ப்ரவுசர், ஒரு ஃபைலைக்கூட மாத்தல, ஓடுது. பழைய ப்ரவுசர்ல ஏன் வரலைன்னு காக்கா விடாம கேட்டார். பழைய சிஸ்டத்துல மொத்தமே அரை ரேமுக்குத்தான் வேலை இருந்திருக்கும், புதுசு முழு ரேமையும் தொடுது, கெட்டுப்போன இடத்துலயும் கால் வைக்குது.

ரேம் நல்லா இருந்து, டிரைவரும் நல்லா இருந்தா அடுத்து நான் பாக்குறது பேஜ் ஃபைல், அதாவது ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கிற இடம். ஸ்பீடு ஆகும்னு எவனோ வீடியோல சொன்னான்னு அதை நோ பேஜிங் ஃபைல்னு வச்சுருப்பாங்க, 2 ஜிபி ரேம்ல அப்படி வச்சா ப்ரவுசர் மெமரி பத்தாம விழாம என்ன செய்யும், சிஸ்டம் மேனேஜ்டுன்னு திருப்பி வச்சுருங்க. அப்புறம் ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா ஓடுறது. சில ஆன்டிவைரஸ் ப்ரவுசருக்குள்ள தன்னோட டிஎல்எல்லை நுழைச்சு வேவு பாக்கும், ப்ரவுசர் அப்டேட் ஆன மறுநாள் அது ஒத்துக்காம ரெண்டும் சேந்து விழும். விண்டோஸ் 10ல கூடவே வர்ற டிஃபென்டர் போதும்னு நான் சொல்லுவேன், லைசென்ஸ் விக்கிற கடைக்காரங்க என்னைத் திட்டுவாங்க.

விண்டோஸ் 7 வச்சிருக்கவங்க வேற ஒண்ணையும் தெரிஞ்சுக்கணும். அதுக்கு க்ரோம் 109தான் கடைசி, 2023 பிப்ரவரியில வந்த 110ல இருந்து விண்டோஸ் 10 கேக்கும். ஃபயர்பாக்ஸ்ல 115 இஎஸ்ஆர்தான் (நீண்ட நாள் சப்போர்ட் குடுக்குற வெர்ஷன்) விண்டோஸ் 7க்குக் கடைசி வரிசை. யாராவது பென் டிரைவ்ல லேட்டஸ்ட் கொண்டு வந்து கட்டாயப்படுத்திப் போட்டா அது திறக்கவே திறக்காது, அது கிராஷே இல்ல, வாசல்லயே நிறுத்துறது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு போச்சு, கோர் 2 டுவோவுல விண்டோஸ் 11 நெனச்சும் பாக்காதீங்க.

காக்காகிட்ட விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ (பழைய மெஷினுக்கு ஏத்த லேசான டெஸ்க்டாப்) போட்டுத் தர்றேன்னேன், ப்ராசஸர் 64 பிட் தாங்கும், ரேமும் இப்ப 3 ஜிபி ஆயிருச்சு. அவரோட பழைய ஸ்கேனருக்கு அதுல டிரைவர் கெடைக்கல, ஸ்கேனர் இல்லாம அந்தக் கடை இல்ல. அதனால இப்போதைக்கு மெஷினை ஜன்னல்ல இருந்து எடுத்து உள்சுவத்துப் பக்கம் போட்டாச்சு, ஸ்கேனும் பிரின்டும் அதுல, பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற வேலை எல்லாம் மகனோட லேப்டாப்புலன்னு பேசி முடிச்சிருக்கோம். கச்சான் முடிஞ்சதும் ஒருதரம் கழட்டிப் பாக்கணும்னு சொல்லியிருக்கேன், அதுக்கு "வர்றப்ப அந்த ரப்பரை எடுத்துட்டு வா தம்பி, இங்க பேரன் தூக்கிட்டுப் போயிட்டான்"னார்.